பிள்ளைகளோடு அங்கோருக்குப் போகிறவர்கள் கவனிக்க

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அரையாண்டு விடுமுறை நெருங்கினாலே நாளிதழ்களில் வெளிநாட்டுச் சுற்றுலா விளம்பரங்கள் வரிசைகட்டி வருகின்றன. கம்போடியாவின் அங்கோர் வாட்டும் இப்போது அவற்றில் இடம்பிடித்துவிட்டது. மகிழ்ச்சிதான். ஆனால் ‘மூன்று நாளில் பன்னிரண்டு கோயில்’ என்கிற பாணியில் போடப்படும் நிகழ்ச்சி நிரல்கள் பெரியவர்களுக்கே மூச்சு வாங்க வைப்பவை. எட்டு வயதுப் பிள்ளைக்கு மூன்றாவது கோயிலுக்குள் எல்லாக் கல்லும் ஒரே கல்லாகத் தெரிய ஆரம்பித்துவிடும். பிறகு தாகம், கால்வலி, அழுகை. இவ்வளவு செலவு செய்து போய், அங்கோர் என்றாலே பிள்ளைக்கு வெயில் மட்டும் நினைவிருப்பது எவ்வளவு பெரிய இழப்பு! குடும்பப் பயணங்களை ஏற்பாடு செய்யும் தொழிலில் இருப்பதால், விளம்பரங்களில் வராத விவரங்களை உங்கள் வாசகர்களுக்கு எழுதுகிறேன்.

அங்கோருக்கு வரும் பிற நாட்டுப் பிள்ளைகளுக்கு இல்லாத ஒரு வசதி நம் பிள்ளைகளுக்கு உண்டு. சுவரில் செதுக்கியிருக்கும் கதைகளைப் பாட்டி வாயிலாகவே கேட்டவர்கள் அவர்கள். ஆகவே கோயில்களின் எண்ணிக்கையைக் குறைத்து, கதை தெரிந்த சுவர்களின் முன்னால் நிதானமாக நிற்கும்படி திட்டம் போடுங்கள்.

முதலில் பார்க்க வேண்டியது அங்கோர் வாட்டின் மூன்றாம் பிராகாரத்தில், கிழக்குப் பக்கத்தின் தென்பாதியில் இருக்கும் பாற்கடல் சுவர். ஏறத்தாழ 49 மீட்டர் நீளம். சுவரைப் பார்த்து நின்றால் இடப்பக்கம் அசுரர்கள், வலப்பக்கம் தேவர்கள், நடுவில் திருமால், அவர் காலடியில் மந்தர மலையைத் தாங்கும் ஆமை. அசுரர் 92 பேர், தேவர் 88 பேர். இந்தக் கணக்கைப் பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லிவிடாதீர்கள், எண்ணச் சொல்லுங்கள். யார் அசுரர், யார் தேவர் என்று தலையைப் பார்த்தே கண்டுபிடிக்கலாம். கூம்பு மகுடம் வைத்தவர் தேவர். சேவற்கொண்டை போன்ற தலைக்கவசமும் பிதுங்கிய கண்ணும் உள்ளவர் அசுரர். சுவரின் அடிப்பகுதியில் மீன்களும் முதலைகளும் நீந்துகின்றன. மத்துக்கு அருகே போகப் போக அந்த மீன்கள் துண்டு துண்டாகச் சிதறிக் கிடக்கும். கடல் எவ்வளவு வேகமாகக் கடையப்பட்டது என்பதை அந்தச் சிற்பி இப்படிக் காட்டியிருக்கிறான். தேவர் வரிசையின் கடைக்கோடியில், வாசுகியின் வாலைப் பிடித்தபடி ஒரு குரங்கு உருவம் நிற்கும். பெரும்பாலோர் அதை அனுமன் என்கிறார்கள். பாற்கடல் கடைந்தபோது அனுமன் எப்படி வந்தார் என்று பிள்ளை கேட்கும். கம்போடியாவின் கெமர் மக்கள் அந்தக் கதையைத் தங்கள் விருப்பப்படி சொல்லிக்கொண்டார்கள் என்று அங்கேயே பேச ஆரம்பிக்கலாம். இந்த ஒரு சுவருக்கு முக்கால் மணி நேரம் ஒதுக்குங்கள்.

மற்ற இரண்டு சுவர்கள் மேற்குப் பக்கத்தில் இருக்கின்றன. தென்பாதியில் குருட்சேத்திரம்: அம்புப் படுக்கையில் கிடக்கும் பீஷ்மரைத் தேடச் சொல்லுங்கள், இடமிருந்து வருவது கௌரவர் சேனை. வடபாதியில் இலங்கைப் போர்: அனுமன் தோள்மேல் நின்று அம்பு எய்யும் இராமன், அருகில் இலக்குவனும் வீடணனும், எதிரே பத்துத் தலை இராவணன்.

கிழக்கு, மேற்கு என்று திசையை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அங்கோர் வாட் மேற்கு பார்த்த கோயில். பெரும்பாலான பேருந்துகள் மேற்கு வாசலில்தான் ஆட்களை இறக்குகின்றன. காலையில் கிழக்கு வாசலில் இறக்கச் சொன்னால் மரநிழலில் நடந்து, கூட்டமில்லாமல் நேரே பாற்கடல் சுவர்ப் பக்கம் வந்துவிடலாம், இளவெயிலும் அந்தப் பக்கம் விழும். ஓட்டுநரிடம் முதல்நாளே சொல்லி வையுங்கள், இல்லாவிட்டால் பழக்கத்தில் மேற்கு வாசலுக்குத்தான் போவார். காலை ஏழு மணிக்கு உள்ளே போய் ஒன்பதரைக்கு வெளியே வந்துவிடுங்கள். மேற்குச் சுவர்களை வேறொரு நாள் மாலை மூன்றரைக்கு மேல் பாருங்கள். வெளிச்சம் அப்போதுதான் அங்கே வரும், கோபுரங்களும் படத்துக்குப் பொன்னிறமாகக் கிடைக்கும். ஒரே கோயிலுக்கு இரண்டு முறையா என்று தோன்றலாம். பிள்ளைகள் இரண்டாம் முறை தாங்களே வழிகாட்டிகளாக முன்னே ஓடுவார்கள்.

சூரிய உதயம் பார்க்கும் சடங்கைச் சிறுபிள்ளைகள் இருந்தால் விட்டுவிடலாம் என்பதே என் கருத்து. நாலேகாலுக்கு எழுப்பி, இருட்டில் குளக்கரைக்குக் கூட்டிப்போய், கைப்பேசிகளை உயர்த்தி நிற்கும் பெரியவர்களின் முதுகுக்குப் பின்னால் ஒரு மணி நேரம் நிறுத்தினால், அன்றைய பகல் முழுக்க வீண். நடுக்கோபுரத்தின் உச்சிக்கு நேராகச் சூரியன் எழுவதும் மார்ச், செப்டம்பர் மாதங்களில் பகலும் இரவும் சமமாகும் சில நாட்களில் மட்டும்தான்.

நுழைவுச்சீட்டு விஷயத்தில் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். ஒரு நாள் சீட்டு 37 டாலர், மூன்று நாள் 62, ஏழு நாள் 72. மூன்று நாள் சீட்டைப் பத்து நாட்களுக்குள் விருப்பமான மூன்று நாட்களில் பயன்படுத்தலாம், தொடர்ச்சியாகப் போக வேண்டியதில்லை. நடுவில் ஒரு நாள் கோயிலே இல்லாமல் ஓய்வு கொடுக்க முடிவதால் குடும்பத்துக்கு இதுவே பொருத்தம். 12 வயது நிறையாத பிள்ளைகளுக்கு இலவசம், ஆனால் அசல் கடவுச்சீட்டைக் காட்ட வேண்டும். 12 முடிந்துவிட்டால் அரைக் கட்டணமெல்லாம் கிடையாது, முழுக் கட்டணம்தான். ஆகப் பெற்றோர் இருவர், பத்தும் ஏழும் வயதில் இரு பிள்ளைகள் என்றால் 124 டாலர். மூத்த பிள்ளைக்குப் பதின்மூன்று என்றால் 186. சீட்டு கோயில் வாசலில் விற்கப்படுவதில்லை. நாம் தங்கும் சியம் ரீப் ஊருக்கும் கோயிலுக்கும் இடையே தனி வளாகத்தில் நேரில் நின்று படம் எடுத்துக்கொண்டு வாங்க வேண்டும், அல்லது சீட்டு விற்கும் அங்கோர் எண்டர்பிரைஸ் நிறுவனத்தின் இணையதளத்தில் முன்பே வாங்கிவிட வேண்டும். கவுண்டரில் மாலை ஐந்து மணியையொட்டி மறுநாளைக்கான சீட்டை வாங்கினால், அன்று மாலையே உள்ளே போக விடுவார்கள், அது நாள் கணக்கில் சேராது.

இன்னொன்று. அங்கோர் வாட்டின் உச்சித் தளமான பாக்கானுக்கு 12 வயதுக்குக் குறைந்தவர்களை ஏற்றுவதில்லை. படிகள் அவ்வளவு செங்குத்து. வரிசையில் நின்று கடைசியில் திருப்பி அனுப்பப்படும் பிள்ளையின் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருக்கும். முன்பே சொல்லிவைத்து, பெற்றோர் ஒருவர் மாற்றி ஒருவராக ஏறுங்கள். தோளும் முழங்காலும் மூடிய உடை இல்லாவிட்டால் பெரியவர்களையும் விடமாட்டார்கள், மேலே ஒரு துண்டைப் போர்த்திச் சமாளிக்க முடியாது. பௌத்தப் புனித நாட்களில் பாக்கான் மூடியிருக்கும்.

பாற்கடல் சுவரைப் பார்த்த மறுநாள் அங்கோர் தோம் நகரின் தெற்கு வாசலுக்குக் கூட்டிப்போங்கள். அகழிப் பாலத்தின் ஒருபுறம் 54 தேவர், மறுபுறம் 54 அசுரர், ஆளுயரத்துக்கு மேல் நின்று நாகத்தைப் பிடித்து இழுக்கிறார்கள். நேற்றுச் சுவரில் பார்த்த கதைக்குள் இன்று நடந்து போகலாம்! அங்கிருந்து பாயோன் கோயில். மேலே இருக்கும் பெரிய முகங்களைப் பார்த்துவிட்டு எல்லோரும் கிளம்பிவிடுகிறார்கள். பிள்ளைகளுக்கு உரியது கீழே, வெளிச்சுற்றின் தெற்குச் சுவர். சேவல் சண்டை, சந்தை, சோறு வடிப்பவர்கள், கொப்பரைக்குள் இறக்கப்படும் பன்றி, ஏரி மீன்கள் என்று எண்ணூறு ஆண்டுக்கு முந்தைய ஊர் வாழ்க்கை முழுவதும் அங்கே இருக்கிறது. தா புரோமில் வேர்கள் விழுங்கிய மண்டபங்களைப் பார்ப்பதோடு, டைனோசர் மாதிரி தெரியும் ஒரு சின்ன வட்டச் சிற்பத்தையும் தேடச் சொல்லலாம். அந்தக் கோயிலைச் சீரமைக்கும் பணியில் நம் இந்தியத் தொல்லியல் துறையும் இருக்கிறது. காட்டுப் பகுதிகளில் குரங்குகள் உண்டு. கையில் தின்பண்டம் இருந்தால் பறிக்கும், கடித்தால் அன்றே வெறிநாய்க்கடித் தடுப்பூசிக்கு அலைய வேண்டும். பைக்குள் பூட்டி வையுங்கள்.

ஊரிலிருந்து ஏறத்தாழ 35 கிலோமீட்டரில் இருக்கும் பந்தே ஸ்ரேய் கோயிலைத் தமிழ்க் குடும்பங்கள் தவறவிடவே கூடாது. கி.பி. 967-இல் குடமுழுக்குக் கண்ட சிறிய சிவன் கோயில். சிவந்த மணற்கல்லில் மரச்செதுக்கு போல நுணுக்கம். பெரிய கோயில்களில் களைத்துப்போகும் பிள்ளைகள் இங்கே களைப்பதில்லை, எல்லாம் கைக்கெட்டும் உயரம். கயிலையை அசைக்கும் இராவணன், காமனை எரிக்கும் சிவன், வாலி சுக்கிரீவன் சண்டை எல்லாம் உண்டு. கிழக்கு வாயில் முகப்பு ஒன்றில் ஆடும் சிவனின் காலடியில், ஓரமாக, எலும்பும் தோலுமாய் ஒரு பெண் அமர்ந்திருக்கிறாள். காரைக்கால் அம்மையார் என்று அறிஞர்கள் அடையாளம் சொல்கிறார்கள். நாகப்பட்டினம் பக்கத்துக் கடற்கரை ஊரில் பிறந்தவர் கடல் கடந்து அங்கே உட்கார்ந்திருப்பதைப் பிள்ளைகளுக்குக் காட்டாமல் வந்துவிடலாமா? நிலைக்கால்களில் இருக்கும் கல்வெட்டு எழுத்துகளையும் காட்டுங்கள். கெமர் எழுத்து பல்லவ எழுத்திலிருந்து வளர்ந்தது. அந்தப் பாதையிலேயே பட்டாம்பூச்சித் தோட்டம் ஒன்றும், கண்ணிவெடி அருங்காட்சியகமும் இருக்கின்றன. அருங்காட்சியகம் பத்து வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும் ஏற்றது.

கண்ணிவெடிகளைப் பற்றிச் சின்னப் பிள்ளைகளுக்கும் பயமில்லாமல் சொல்ல வழி இருக்கிறது. சியம் ரீப் ஊருக்குள் இருக்கும் அபோபோ மையத்தில், வெடிமருந்தை மோப்பம் பிடிக்கப் பழக்கிய ஆப்பிரிக்கப் பெரு எலிகளை நேரில் காட்டுகிறார்கள். எடை குறைவு என்பதால் கண்ணிவெடி மேல் ஓடினாலும் அது வெடிக்காது. கம்போடியாவில் வேலை செய்த மகாவா என்ற எலிக்கு 2020-இல் பிரிட்டனின் விலங்கு நல அமைப்பு ஒன்று தங்கப் பதக்கமே கொடுத்தது.

மாலைப் பொழுதுக்கு ஃபாரே சர்க்கஸ். விலங்குகள் கிடையாது, இளைஞர்கள் கம்போடியக் கதைகளை வித்தை, இசை, நாடகமாக ஒரு மணி நேரம் நடத்துகிறார்கள். அகதி முகாமிலிருந்து திரும்பியவர்கள் 1994-இல் பாட்டம்பாங் நகரில் தொடங்கிய கலைப் பள்ளியில் வளர்ந்தவர்கள் இவர்கள். காட்சி இரவு எட்டு மணிக்கு என்பதால், அன்று பிற்பகல் பிள்ளைகள் தூங்கியே ஆக வேண்டும். டிசம்பர் கடைசி வாரத்தில் நேரில் போனால் இடம் கிடைப்பது சந்தேகம், முன்பதிவு செய்யுங்கள். இரவு உணவோடு நடக்கும் அப்சரா நடன நிகழ்ச்சிகளில் அனுமனும் பொன் மீன்கன்னியும் ஆடும் ஒரு பகுதி அடிக்கடி வரும். கெமர் இராமாயணத்தில் அவள் இராவணன் மகள், அனுமன் அவளைக் காதலிக்கிறார். கம்பனைக் கேட்டு வளர்ந்த வீடுகளில் அன்றிரவு வாக்குவாதம் நிச்சயம். வழிகாட்டிகள் இராமனைப் ப்ரேய ரீம் என்றும் இராவணனைக் குரோங் ரீப் என்றும் சொல்வார்கள், பெயர் மாறுவதால் பிள்ளைகள் குழம்ப வேண்டாம்.

இனிப் பருவம். நவம்பர் முதல் பிப்ரவரி வரை வறண்ட, இதமான காலம். அரையாண்டு விடுமுறை இதில் விழுவதால் அதுவே சிறந்தது, கூட்டமும் அறை வாடகையும் உச்சத்தில் இருக்கும் என்பதையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள். காலாண்டு விடுமுறை கடும் மழைக்காலம். ஆனால் தொன்லே சாப் ஏரி நிறைந்திருப்பது அப்போதுதான். மழையில் மேகோங் பெருக்கெடுத்து, ஏரியிலிருந்து வடியும் ஆற்றையே பின்னோக்கி ஓட வைக்கிறது. சுமார் 2,500 சதுர கிலோமீட்டர் ஏரி 15,000-க்கு மேல் விரிகிறது. ஏரியை ஒட்டிய கம்போங் ப்ளுக் கிராமத்தில் உயரமான மரக்கால்கள் மேல் வீடுகள், கீழே படகுப் போக்குவரத்து. அதே கிராமத்துக்கு ஏப்ரல், மே மாதங்களில் போனால் சேற்றில் படகு தட்டும், காலடியில் புழுதிதான். எந்த மாதம் என்று பார்க்காமல் ஏரிப் பயணத்தைத் திட்டத்தில் சேர்க்காதீர்கள். பிள்ளை அளவுக்கு உயிர்காப்பு அங்கி இருக்கிறதா என்று படகில் ஏறுமுன் கேளுங்கள், பெரியவர் அங்கி நழுவிவிடும்.

கோடை விடுமுறைதான் வாய்க்கிறது என்பவர்கள், நண்பகல் பதினொன்றிலிருந்து மூன்று வரை விடுதியைவிட்டு நகராதீர்கள். நீச்சல் குளம் உள்ள விடுதியாகப் பாருங்கள், பிள்ளைகளின் பாதி விடுமுறை அதில்தான். ஏப்ரல் நடுவில் கெமர் புத்தாண்டு நம் சித்திரைப் பிறப்பை ஒட்டியே வருகிறது. கடைகள் பல மூடியிருக்கும், சாலை நெரியும், ஆனால் தெருவெல்லாம் தண்ணீரும் மாவும் வீசி விளையாடுவார்கள், கோயில் வளாகத்தில் நாட்டுப்புற விளையாட்டுகள் நடக்கும். கூட்டம் பிடிக்கும் பிள்ளைகளுக்கு அது பெரிய கொண்டாட்டம்.

காகித வேலைகளை இரண்டு மாதம் முன்பே ஆரம்பியுங்கள். சிறுவர் கடவுச்சீட்டு ஐந்து ஆண்டுக்குத்தான். பெற்றோருடையது பத்தாண்டு என்பதால் பிள்ளையுடையது காலாவதியாவதைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள். பயண நாளிலிருந்து ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும். புதுப்பிக்கத் தாய், தந்தை இருவரும் கையெழுத்திட்ட ‘அனெக்சர் டி’ உறுதிமொழி தேவை. கம்போடியாவின் இ-விசாவைக் கைக்குழந்தை உட்பட ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எடுக்க வேண்டும். அரசின் இணையதளத்தைப் போலவே தோற்றம் கொண்ட இடைத்தரகர் தளங்கள் கூடுதலாகப் பிடுங்கும், முகவரியின் கடைசியில் அரசுத் தளத்துக்குரிய எழுத்துகள் இருக்கின்றனவா பாருங்கள். அச்சிட்ட பிரதி இரண்டு வேண்டும், உள்ளே வரும்போது ஒன்று, வெளியேறும்போது ஒன்று. வருகைப் படிவத்தையும் வந்திறங்குவதற்கு முந்தைய ஏழு நாட்களுக்குள் இணையத்தில் இலவசமாக நிரப்ப வேண்டும்.

சென்னையிலிருந்து சிங்கப்பூர், கோலாலம்பூர், பாங்காக் வழியாகப் போகலாம். மலிவாக இருக்கிறதே என்று இரண்டு நிறுவனங்களில் தனித்தனிச் சீட்டு வாங்கினால், நடுவழியில் நாட்டுக்குள் நுழைந்து பெட்டியை எடுத்து மறுபடி ஒப்படைக்க வேண்டியிருக்கும். சிங்கப்பூரில் அதற்கு நமக்கு விசா வேண்டும். பாங்காக்கில் விமான நிலையங்களே இரண்டு, ஒன்றில் இறங்கி மற்றொன்றில் ஏறுவது பிள்ளைகளோடு பெரும் பாடு. முழுப் பயணத்துக்கும் ஒரே சீட்டாக எடுங்கள். சியம் ரீப்பின் புதிய விமான நிலையம் 2023 அக்டோபரில் திறக்கப்பட்டது. ஊரிலிருந்து நாற்பது கிலோமீட்டருக்கு மேல், ஒரு மணி நேரப் பயணம். பத்து நிமிடத்தில் விடுதி என்று சொல்லும் பழைய பயணக் குறிப்புகளை நம்ப வேண்டாம்.

பணம் என்றால் டாலரும் ரியலும் கலந்து புழங்கும். ஒரு டாலருக்கு ஏறத்தாழ 4,000 ரியல். சில்லறை ரியலில்தான் வரும். ஓரம் கிழிந்த, கறை படிந்த டாலர் நோட்டை அங்கே யாரும் வாங்கமாட்டார்கள். இங்கே மாற்றும்போதே ஒவ்வொரு நோட்டாகப் புரட்டிப் பார்த்து, ஒன்று, ஐந்து, பத்து டாலர் நோட்டுகளாகக் கேளுங்கள். சாப்பாட்டில் சைவக் குடும்பங்களுக்கு ஒரு எச்சரிக்கை: ‘இறைச்சி இல்லை’ என்றால் மீன் இல்லை என்று பொருளல்ல. ப்ரஹோக் எனும் புளித்த மீன் விழுதும் மீன் சாறும் காய்கறிக் குழம்பிலும் கலக்கும். அவற்றைப் பெயர் சொல்லி வேண்டாம் என்க. ஊருக்குள் இந்திய உணவகங்கள் உண்டு, கோயில் பக்கம் எளிதில் கிடைக்காது. வெள்ளைச் சாதமும் வாழைப்பழமும் எங்கும் கிடைக்கும், ஊறுகாய்ப் பொட்டலம் கூட இருந்தால் பிள்ளைகள் சமாளித்துவிடுவார்கள். உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலங்களும் கொசு விரட்டியும் கைப்பையிலேயே இருக்கட்டும். வண்டிகள் அங்கே சாலையின் வலப்பக்கம் ஓடும், தெருவைக் கடக்கும்போது நம் பிள்ளைகள் தவறான பக்கம் திரும்பிப் பார்ப்பார்கள். நால்வர் குடும்பத்துக்கு ரெமோர்க் எனும் இழுவண்டி அருகிலுள்ள கோயில்களுக்குப் போதும், பந்தே ஸ்ரேய்க்குக் குளிர்சாதனக் கார் வையுங்கள்.

அனாதை இல்லத்துக்குக் கூட்டிப்போய்ப் பிள்ளைகளுக்கு ‘வாழ்க்கையைக் காட்டுவது’ சில திட்டங்களில் இன்னும் இருக்கிறது. தயவுசெய்து மறுத்துவிடுங்கள். அங்கே இல்லங்களில் இருக்கும் பெரும்பாலான குழந்தைகளுக்குத் தாய் தந்தையரில் ஒருவராவது உயிரோடு இருக்கிறார்கள். பார்வையாளர் தரும் பணம்தான் அவர்களை வீட்டிலிருந்து பிரித்து அங்கே வைத்திருக்கிறது. கோயில் வாசலில் அஞ்சலட்டை விற்கும் சிறுவரிடம் வாங்குவதும் அவர்களைப் பள்ளிக்கு அனுப்பாது. ஏரிப் பயணத்தில், பள்ளிக்கூடத்துக்கு என்று சொல்லி அரிசி மூட்டை வாங்க வற்புறுத்தினாலும் நின்று மறுக்கலாம். கொடுக்க நினைப்பவர்கள் கைவினைப் பட்டறைகளில் செலவிடுங்கள். ஆர்ட்டிசான்ஸ் அங்கோர் பட்டறையில் கல், மரம் செதுக்குவதை இலவசமாகவே சுற்றிக் காட்டுகிறார்கள்.

ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள். விடுமுறைச் சுற்றுலாச் சிறப்பிதழ் வெளியிடும்போது, ஒவ்வொரு ஊருக்கும் பிள்ளைகளின் வயது வரம்பு, அவர்களுக்கான கட்டணம், எந்த மாதம் எது மூடியிருக்கும் என்ற மூன்று விவரங்களைக் கட்டம் கட்டிப் போடுங்கள். அங்கோருக்கு மட்டும் நான்காவதாக, எந்த வாசலில் இறங்க வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
குடும்பப் பயண ஏற்பாட்டாளர் ஒருவர்,
திருச்சி.